ஆயில் குடிக்கும் பழைய வண்டி: புகைச் சான்றிதழுக்குப் போகும் முன்

பெட்ரோல் வண்டிகளுக்கான புகைப் பரிசோதனையில் புகையை யாரும் அளப்பதில்லை. கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. சைலன்சருக்குள் நுழைக்கப்படும் குழாய் உறிஞ்சி எடுப்பது வாயுவை. அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம், எரியாத ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற இரண்டு கணக்குகளை வைத்துத்தான் பழைய வண்டியின் தலைவிதி தீர்மானமாகிறது. பின்னால் வருகிறவர் மூக்கைப் பொத்திக்கொள்ளும்படி நீலப் புகை கக்கும் கார் சான்றிதழோடு வெளியே வருவதும், துளிப் புகையும் காட்டாத கார் தோற்றுத் திரும்புவதும் இதனால்தான். எல்லாவற்றுக்கும் லஞ்சம்தான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது.

இருபது, இருபத்தைந்து ஆண்டு ஓடிய வண்டியை விற்க மனம் வராமல் வைத்திருப்பவர்கள் பலர். இன்ஜின் ஆயில் குடிக்கத் தொடங்கியதும், இனிப் பரிசோதனையில் தேறாது என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். பிறகு ஒன்று, இன்ஜினை இறக்கிப் பெருஞ்செலவில் சிக்குகிறார்கள். இல்லையென்றால் வண்டியைக் காட்டாமலே சான்றிதழ் கிடைக்குமா என்று விசாரிக்கிறார்கள். இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு: வண்டி எந்த எண்ணில் தோற்கிறது என்று பார்ப்பது. கார்பன் மோனாக்சைடு கூடினால் ஒரு வைத்தியம், ஹைட்ரோகார்பன் கூடினால் வேறு வைத்தியம். ஆயில் எரிவது பெரும்பாலும் இரண்டாவது எண்ணைத்தான் தொடுகிறது. அதையும் முழுதாகத் தொடுவதில்லை.

ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறது

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலும் காற்றும் எரிகிற அறைக்குள் ஆயிலுக்கு வேலை இல்லை. பிஸ்டனுக்குக் கீழே சுற்றிக்கொண்டிருப்பதுதான் அதன் இடம். ஆனால் சிலிண்டரின் உட்சுவரில் மெல்லிய ஆயில் படலம் இல்லாவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தோசைக்கல்லில் எண்ணெய் ஊற்றி, வெங்காயத்தால் தேய்த்துப் படலம் மட்டும் நிற்கவிடுவதுபோல, மிகுதியை வழித்துக் கீழே தள்ளுவது பிஸ்டனில் இருக்கும் ஆயில் ரிங்கின் வேலை. ரிங் தேய்ந்தாலோ, கரி படிந்து தன் பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டாலோ, போர் எனப்படும் சிலிண்டர் துளை அகன்றுபோனாலோ, வழித்துத் தள்ளுவது நின்று ஆயில் மேலே ஏறி எரிகிறது.

இரண்டாவது வழி மேலிருந்து. வால்வுகளின் தண்டு ஏறி இறங்கும் இடத்தில் சிறிய ரப்பர் சீல் இருக்கும். ஆண்டுக்கணக்கில் சூடு பட்டு அந்த ரப்பர் இறுகிப்போனால், ஹெட் எனப்படும் இன்ஜினின் மேல்பகுதியில் இருக்கும் ஆயில் தண்டு வழியே வழிந்து அறைக்குள் இறங்கும். மூன்றாவது வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியைத் திரும்ப இன்டேக்கிற்கு அனுப்பும் பிரீதர் குழாயும், அதில் இருக்கும் வால்வும் அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் கூடி நல்ல ரிங்கைத் தாண்டியும் ஆயில் வெளியேறப் பார்க்கும். சில நூறு ரூபாயில் தீரும் இந்தக் கோளாறுக்காக இன்ஜினை இறக்கியவர்கள் உண்டு.

எந்த வழி என்று கண்டுபிடிக்க வண்டியே உதவும். இரவு முழுதும் நின்ற காரைக் காலையில் கிளப்பும்போது மட்டும் நீலப் புகை குபுக்கென்று வந்து, சிறிது நேரத்தில் அடங்கிவிட்டால் சந்தேகம் வால்வ் சீல் மேல். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு வந்து, மீண்டும் அழுத்தும்போது புகை கிளம்பினாலும் அதுவே. மேட்டில் ஏறும்போதும் முழு வேகம் எடுக்கும்போதும் தொடர்ந்து புகைத்தால் ரிங், போர். உறுதி செய்ய, சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்க்கலாம். அழுத்தம் குறைவாக இருக்கும் சிலிண்டருக்குள் பிளக் துளை வழியே ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் கசிவு ரிங் பக்கம். ஏறாவிட்டால் வால்வ் பக்கம். கேஜ் வைத்துப் பார்க்காமல், புகையின் நிறத்தை மட்டும் பார்த்து 'ரிங் போயிடுச்சு சார்' என்று சொல்பவரிடம் வண்டியை விட்டுவிட்டு வருவது பணத்துக்கு நல்லதல்ல.

இதில் பரிசோதனையோடு நேரடியாகத் தொடர்புள்ள நுணுக்கம் ஒன்று உண்டு. சோதனை நடப்பது இன்ஜின் ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் நின்ற இடத்தில் ஓடும்போது. அப்போது கார்புரேட்டரின் திராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் இன்டேக் பக்கம் வலுவான வெற்றிடம் உண்டாகும். இறுகிப்போன வால்வ் சீல் வழியே ஆயிலை இழுக்க இதைவிட வசதியான நிலை கிடையாது. தேய்ந்த ரிங்கோ சுமை ஏறும்போதுதான் தன் சுயரூபத்தை அதிகம் காட்டும். ஆகவே, சாலையில் அதிகம் புகைக்கும் ரிங் தேய்ந்த வண்டி ஐட்லிங் சோதனையில் தப்பிவிடலாம். பார்வைக்கு நல்ல பிள்ளையாக இருக்கும் சீல் போன வண்டி மாட்டிக்கொள்ளலாம்.

உங்கள் வண்டிக்கு எந்த வரம்பு

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 115-ஆவது விதியில் வரம்புகள் இருக்கின்றன. வண்டி எப்போது தயாரானதோ அந்தக் காலத்துத் தரம்தான் அதற்குப் பொருந்தும். பாரத் ஸ்டேஜ் என்பது இந்தத் தரங்களின் படிநிலை; இன்றைய பாரத் ஸ்டேஜ் 6 வரம்பைப் பழைய மாருதி 800-இடம் யாரும் கேட்பதில்லை.

பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய நான்கு சக்கர பெட்ரோல் வண்டி என்றால் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை, ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1,500 பங்கு) வரை போகலாம். பாரத் ஸ்டேஜ் 2, 3 வண்டிகளுக்கு அது சட்டென்று 0.5 சதவீதம், 750 பி.பி.எம். எனச் சுருங்கிவிடுகிறது. பாரத் ஸ்டேஜ் 4-இல் 0.3 சதவீதம், 200 பி.பி.எம். இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளில் 2000 மார்ச் 31 வரை தயாரானவற்றுக்கு 4.5 சதவீதமும் 9,000 பி.பி.எம்.மும் வரம்பு. அதற்குப் பின், பாரத் ஸ்டேஜ் 6-க்கு முன் வந்தவற்றில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் இரண்டு ஸ்ட்ரோக்குக்கு 6,000, நான்கு ஸ்ட்ரோக்குக்கு 4,500 பி.பி.எம்.

இந்த எண்களுக்குள் ஒரு கதை ஒளிந்திருக்கிறது. 3 சதவீதத்திலிருந்து 0.5-க்கு இறங்கிய இடைவெளி, கார்புரேட்டரை எவ்வளவு நுணுக்கமாகத் திருகினாலும் நிரந்தரமாக எட்ட முடியாத இடைவெளி. அதை நிரப்புவது சைலன்சர் வரிசையில் இருந்து நச்சு வாயுக்களை மாற்றிவிடும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது. ஈயமற்ற பெட்ரோலும் அப்போதுதான் அங்கே வந்தது. ஈயம் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும் என்பதால் இரண்டும் சேர்ந்தே வர வேண்டியிருந்தது. இன்று பெட்ரோலில் ஈயம் இல்லை. ஆனால் ஆயில் குடிக்கும் இன்ஜினில் அந்த வேலையை ஆயிலே மெதுவாகச் செய்கிறது. தேய்மானத்தைத் தடுக்க ஆயிலில் சேர்க்கும் பாஸ்பரஸ், துத்தநாகக் கலவைகள் எரிந்து, கன்வெர்ட்டரின் உட்பரப்பில் பூச்சாகப் படிந்துவிடுகின்றன. அந்தப் பூச்சுக்குப் பின்னால் இருக்கும் விலை உயர்ந்த உலோகத்தை வாயு தொடவே முடியாது.

எனவே 1994-இல் வாங்கிய கார் ஆயில் குடித்துக்கொண்டும் தேறிவிடும். 2006-இல் வாங்கிய கார் அதே அளவு ஆயில் குடித்துத் தோற்கும். பின்னதில் ஆயில் அன்றைக்கு எரிந்தது மட்டும் குற்றமில்லை. அதற்கு முன் பல ஆண்டுகள் எரிந்து கன்வெர்ட்டரைக் கொன்றுவிட்டிருக்கும்.

சீட்டில் வந்த எண்ணைப் படிப்பது

2021-இல் நாடு முழுமைக்கும் ஒரே வடிவச் சான்றிதழ் வந்தபோது, தோற்ற வண்டிக்கு நிராகரிப்புச் சீட்டு தரும் முறையும் சேர்ந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். 'சரியில்லை, சர்வீஸ் செய்துவிட்டு வாருங்கள்' என்ற வாய்மொழியால் மெக்கானிக்குக்கு ஒரு பயனும் இல்லை. அளந்த எண்கள்தான் நோய்க்குறிப்பு.

கார்பன் மோனாக்சைடு மட்டும் கூடி ஹைட்ரோகார்பன் வரம்புக்குள் இருந்தால், ஆயிலைப் பற்றிய கவலையை அன்றைக்கு ஒதுக்கி வைக்கலாம். பெட்ரோல் அதிகம், காற்று குறைவு என்பதே அதன் பொருள். அழுக்கான ஏர் ஃபில்ட்டர், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் சோக் சரியாகத் திறக்காதது, கார்புரேட்டரில் மட்டம் தவறிய மிதவை, தேய்ந்த ஜெட், அதிகம் திறந்துவிட்ட மிக்ஸ்சர் திருகு எனத் தேட வேண்டிய இடங்கள் எல்லாம் இன்ஜினுக்கு வெளியே இருக்கின்றன. ஒரு நல்ல டியூனிங் போதும்.

ஹைட்ரோகார்பன் கூடினால் பொருள் வேறு: உள்ளே போனது எரியாமல் வெளியே வருகிறது. ஆயில் அதற்கு ஒரு காரணம். ஆனால் முதல் காரணமாக இருப்பது அபூர்வம். பிளக் சரியாகப் பொறி விடாமல், நான்கில் ஒரு சிலிண்டர் அவ்வப்போது தவறினாலே இந்த எண் ஆயிரக்கணக்கில் எகிறும். இங்கேதான் ஆயில் மறைமுகமாக வருகிறது. எரிந்த ஆயில் பிளக்கின் நுனியில் கரியாகவும் பிசினாகவும் படிந்து பொறியை விழுங்குகிறது. ஆகவே ஆயில் குடிக்கும் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோகும் முன் புதிய பிளக் போடுவது கண்துடைப்பு வேலை அல்ல. இந்த வகை வண்டிக்குச் செலவில் சிறியதும் பலனில் பெரியதும் அதுதான். பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பாயின்ட் இடைவெளி, டைமிங் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கார்பன் மோனாக்சைடைக் குறைக்கிறேன் என்று மிக்ஸ்சர் திருகை மேலும் மேலும் மூடினால் ஒரு கட்டத்தில் ஹைட்ரோகார்பன் ஏறத் தொடங்கும். கலவை மிகவும் மெலிந்து, சில சுற்றுகளில் தீப்பிடிக்காமலே வெளியேறுவதால் அப்படி ஆகிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலும் கார்புரேட்டர் வண்டியில் கலவையை மெலிய வைக்கிறது. கார்பன் மோனாக்சைடு அதனால் குறையும். பழைய ரப்பர் குழாய்களுக்குத்தான் அது ஆகாது. அனலைசர் இயந்திரத்தை வைத்துக்கொண்டே டியூன் செய்யும் பட்டறை கிடைத்தால், காதால் கேட்டு டியூன் செய்யும் எந்தக் கைராசிக்காரரையும்விட அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

இயந்திரத்துக்கும் ஒரு குணம் உண்டு. அகச்சிவப்புக் கதிரை வைத்து அளக்கும் இந்தக் கருவி பெட்ரோல் போன்ற இலேசான ஹைட்ரோகார்பனைத்தான் நன்றாகப் பார்க்கும். ஆயில் புகை என்பது பெரும்பாலும் நுண்துளிகள். அவற்றில் ஒரு பகுதி குழாயிலும் ஃபில்ட்டரிலும் படிந்து நின்றுவிடும். நீலப் புகை கக்கியும் தேறும் வண்டிகளின் ரகசியம் இதுதான். ஆனால் படிந்தது அங்கேயே சும்மா இருக்காது. அடுத்து வரும் வண்டியின் அளவோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சேரும். உங்களுக்கு முன்னால் புகை கக்கிய ஒரு வண்டி அளக்கப்பட்டிருந்தால், குழாயை வெளிக்காற்றில் சிறிது நேரம் உறிஞ்சவிட்டு, ஹைட்ரோகார்பன் எண் பூஜ்யத்தை ஒட்டி இறங்கிய பிறகு உங்கள் வண்டியை அளக்கச் சொல்லுங்கள். இது சலுகை கேட்பது ஆகாது.

போகும் நாளில்

குளிர்ந்த இன்ஜினோடு போய் நிற்பது தோல்வியை வரவழைப்பது. சோதனை மையம் தெருமுனையிலேயே இருந்தாலும், நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். ஆயில் நன்றாகச் சூடேறும், சோக் முழுதும் விலகும், கன்வெர்ட்டர் இருந்தால் அது வேலை செய்யத் தேவையான சுமார் 300 டிகிரியைத் தாண்டியிருக்கும், சைலன்சரில் தேங்கிய ஈரமும் வெளியேறியிருக்கும். வரிசை நீளமாக இருந்தால் ஐட்லிங்கிலேயே நீண்ட நேரம் விட்டுவிடாதீர்கள். சீல் வழியே இறங்கும் ஆயில் அப்போதுதான் சேரும். உங்கள் முறை வருவதற்குச் சற்று முன், மையத்துக்கு வெளியே ஓரிரு முறை ஆக்சிலரேட்டரை அழுத்தி அதை வெளியேற்றிவிடுங்கள்.

ஆயிலையும் ஃபில்ட்டரையும் ஓரிரு நாளைக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. குறைந்த தூரம் ஓடும் பழைய வண்டிகளில் ஆயிலோடு பெட்ரோல் கலந்திருக்கும்; அது ஆவியாகி, பிரீதர் வழியே இன்டேக்கிற்குப் போய் இரண்டு எண்களையும் ஏற்றும். புதிய ஆயில் அதைக் குறைக்கிறது. டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். எப்படியும் குடிக்கப் போகிறது என்று முன்பணம் கட்டுவதுபோல் அதிகம் ஊற்றுகிறவர்கள், ஆயில் எரிவதைத் தாங்களே கூட்டுகிறார்கள். கையேடு அனுமதித்தால் 20டபிள்யூ-40 தர ஆயிலுக்குப் பதில் 20டபிள்யூ-50 ஊற்றலாம். சூட்டில் கொஞ்சம் கெட்டியாக நிற்பதால் எரிவது சற்றுக் குறையும். புகையை நிறுத்துவதாகச் சொல்லிப் புட்டியில் விற்கும் கெட்டித் திரவங்களும் இதே தத்துவம்தான், பலமடங்கு விலையில். தேய்ந்த உலோகத்தை எந்தத் திரவமும் வளர்க்காது.

சைலன்சரில் ஓட்டை இருந்தால் அடைத்துவிட்டுப் போக வேண்டும். வெளிக்காற்று கலந்தால் எண் குறையுமே என்று நினைப்பவர்கள் உண்டு. பிராணவாயுவையும் கரியமில வாயுவையும் சேர்த்து அளக்கும் கருவி அதைக் கண்டுகொள்ளும்.

இரண்டு ஸ்ட்ரோக்கும் டீசலும்

யமஹா ஆர்எக்ஸ் 100, பழைய சேத்தக், பழைய ஆட்டோ போன்றவை ஆயில் குடிப்பதற்காகவே பிறந்தவை. பெட்ரோலோடு 2டி எனப்படும் இரண்டு ஸ்ட்ரோக் ஆயிலும் உள்ளே போய் எரிவது அவற்றின் அமைப்பு. அவற்றில் ஹைட்ரோகார்பன் கூடுவதற்கு ஆயிலைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. எரிந்த வாயுவை வெளியே தள்ள உள்ளே வரும் புதிய கலவையில் ஒரு பகுதி, எரியாமலே சைலன்சருக்குள் ஓடிவிடுகிறது. வரம்பு 9,000, 6,000 என்று தாராளமாக இருப்பது அதனால்தான். செய்ய வேண்டியவை இரண்டு: சைலன்சரைக் கழற்றிக் கரி நீக்குவது, ஆயில் பம்ப்பைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்குத் திருத்துவது. கையால் கலப்பவர்கள், இன்ஜின் பிடித்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் அளவுக்கு மேல் ஊற்றும் பழக்கத்தை விட்டு, குறைந்த புகைக்கென்று தயாரான 2டி ஆயிலைச் சரியான விகிதத்தில் கலந்தாலே மாற்றம் தெரியும்.

டீசலில் கணக்கே வேறு. அங்கே உண்மையிலேயே புகையைத்தான் அளக்கிறார்கள். ஐட்லிங்கிலிருந்து ஆக்சிலரேட்டரை ஒரே மூச்சில் அடிவரை அழுத்தி, இன்ஜின் தன் உச்ச வேகத்தைத் தொடும்போது புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று பார்க்கிறார்கள். இதைப் பலமுறை செய்து சராசரி எடுக்கிறார்கள். பாரத் ஸ்டேஜ் 4-க்கு முந்தைய வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு (புகை ஒளியை மறைக்கும் அளவு). ஸ்டேஜ் 4-க்கு 50. அடைத்த ஏர் ஃபில்ட்டரால் வந்த கரும்புகையா, ஆயிலால் வந்த நீலப்புகையா என்று கருவி பிரித்துப் பார்ப்பதில்லை; எல்லாமே ஒளியை மறைப்பவை. முதலில் ஏர் ஃபில்ட்டரையும் இன்ஜெக்டரையும் பார்த்துவிட்டு, முந்தைய நாள் வண்டியை நெடுஞ்சாலையில் நன்றாக ஓட்டிச் சைலன்சரில் படிந்த கரியை வெளியேற்றிவிட்டுப் போக வேண்டும்.

டீசலில் ஆயில் குடிப்பதைச் சான்றிதழ்ப் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் சீல் போய் ஆயில் இன்டேக்கில் கொட்டினால், இன்ஜின் டீசலை விட்டுவிட்டு அந்த ஆயிலிலேயே ஓடத் தொடங்கலாம். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போய் இன்ஜின் சிதறும். உச்ச வேகம் வரை முறுக்கும் இந்தச் சோதனையின்போது அது நடக்க வாய்ப்பு அதிகம். டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயைக் கழற்றி, உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் பழையதானால் உச்ச வேகத்தில் அறுந்துபோகலாம்; எப்போது மாற்றியது என்று நினைவில்லாவிட்டால், மாற்றிவிட்டே போங்கள்.

இன்ஜினைத் திறக்க வேண்டிய நேரம்

ஆயில் கொஞ்சம் குறைவது நோயல்ல. 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரை போகலாம் என்று சொல்லும் கையேடுகளும் உண்டு. அது தயாரிப்பாளர் தன்னைக் காத்துக்கொள்ள எழுதிய தாராளம் என்பது என் எண்ணம். சமதளத்தில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கின் மேல்கோடு வரை ஊற்றி, ஓடோமீட்டரைக் குறித்துவைத்து, அடுத்த 1,000 கிலோமீட்டரில் எவ்வளவு ஊற்ற வேண்டியிருந்தது என்று பாருங்கள். அரை லிட்டரைத் தாண்டி, மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டும் போனால், இந்த முறை சான்றிதழ் கிடைத்தாலும் வேலையைத் தொடங்கிவிடலாம். பழைய வண்டிக்குச் சான்றிதழின் ஆயுள் ஆறு மாதம்தான். அதற்கு நடுவிலும், வண்டி விதியை மீறுகிறது என்று கருதினால் சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத அதிகாரி மறுசோதனைக்கு உத்தரவிடலாம். 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 10,000 ரூபாய் வரை போக இடமிருக்கிறது.

வால்வ் சீல் என்றால் செலவு கட்டுக்குள் இருக்கும். சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றை ஏற்றி வால்வுகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஹெட்டைக் கழற்றாமலே சீல் மாற்றும் வேலை பல இன்ஜின்களில் முடியும். ரிங் என்றால் இன்ஜின் இறங்கத்தான் வேண்டும். அப்போது போரை மைக்ரோமீட்டரால் அளக்காமல் வெறும் ரிங் செட் மட்டும் மாற்றித் தருவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். முட்டை வடிவமாகத் தேய்ந்த துளையில் வட்டமான புது ரிங் உட்காராது. சில மாதங்களில் புகை திரும்பிவிடும். லேத்தில் கொடுத்து, துளையைச் சற்று அகலமாகக் கடைந்து (ரீபோர்), அதற்கேற்ற பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டனோடு ரிங் போடுவதுதான் முழு வேலை.

புது ரிங் சிலிண்டர் சுவரோடு உரசிப் பதியச் சில நூறு கிலோமீட்டர்கள் ஆகும். அதுவரை கொஞ்சம் நீலப் புகை வரத்தான் செய்யும். எனவே சான்றிதழ் முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்னதாகவே வண்டியைப் பட்டறையில் விட்டு, ரன்னிங்-இன் ஓட்டம் முடிந்து, முதல் ஆயிலை மாற்றிய பிறகு சோதனைக்குக் கொண்டுபோங்கள்.